தலைக்கட்டு

திரவியம் இறந்து பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. கரமனை வீட்டு முற்றத்தில் உடலை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய அவருடைய அக்காள் சிவகாமியம்மாள் அழுது முடித்து, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தலைக்கட்ட அவுத்து விடு மக்களே. உச்சியில எண்ணெ வைக்கணும்."

தகப்பனாரின் தலையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சை மங்கலம் கையால் மூடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது முதல் அவள் அந்தத் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"காயம் இருக்கு அத்தை. நெத்தியில வைங்க போதும்."

"செத்தவனுக்கு வலிக்கவா போகுது? கூடப்பொறந்தவ உச்சியில எண்ணெ வைக்காம நம்ம வீட்டுல யாரும் போனதில்ல. அவுத்து விடு."

மங்கலம் கையை எடுக்கவில்லை.

திரவியம் தந்தி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஐம்பதாவது வயதில், செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார். பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு மகளின் பெயர். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லி சிவகாமியம்மாள் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் ராஜையன் அப்படிச் சொல்லவில்லை. மங்கலம் பி.எஸ்ஸி. படித்தவள் என்பதால் அவளிடம் விளக்கமாகவே சொன்னார். "நரம்பணுவுக்குள்ள நூல் சிக்கு விழுந்த மாதிரி ஆயிரும். வெளிய, கறை மாதிரி கட்டி கட்டியா படியும். அணு ஒவ்வொண்ணா செத்துப்போகும். ஆனா உயிரோட இருக்கும்போ அதப் பாக்க முடியாது."

இன்று விடியற்காலை உயிர் பிரிந்ததும் டாக்டர் மேஜைமேல் ஒரு காகிதம் வைத்தார். அதைப் பற்றி அவள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. தலையில் என்ன கட்டு என்று அம்மா கேட்டபோது, விழுந்த காயம் என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"என்ன காயம்?" என்றாள் சிவகாமியம்மாள்.

சுவரோரம் இருந்த அம்மா உலகம்மை தலையை நிமிர்த்தாமல் பேசினாள். "நாந்தான் மைனி. போன வெள்ளிக்கெழம கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். பால் பொங்குற வாசம் வந்துது. கைய விட்டுட்டு ஓடுனேன். திரும்பி வந்தா படியில கெடக்காரு."

அன்று முழங்கையில் மட்டும்தான் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டவள் மங்கலம்.

"மூணு மாசமா பேசாதவரு, விழுந்த வலியில அம்மான்னாரு மைனி."

சிவகாமியம்மாள் எண்ணெய் தொட்ட விரலோடு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாலு வருசம் பொன்னு போல பாத்தே. கடைசியில கைய விட்டுட்டியே உலகம்மை."

உலகம்மை வலது கையை மடியில் விரித்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்கலம் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா, தலையில காயமே இல்ல."

சிவகாமியம்மாளின் விரல்நுனியில் இருந்த எண்ணெய் பெஞ்சில் சொட்டியது.

"இது தையல். அப்பாக்க மூளைய டாக்டர் எடுத்து வச்சிருக்காரு. நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."