ஜன்னல் டம்ளர்

"பாத்திரம் தேய்க்கிறவளுக்கு நான் இலை போட்டுப் பரிமாறணுமா?" தர்மாம்பாள் கரண்டியை வைத்த வேகத்தில் மோர்க்குழம்பு அடுப்பு மேடையெல்லாம் தெறித்தது.

"இன்னிக்கு ஞானம்மாதான் விருந்தாளி அத்தை. வகுப்புல எல்லாரும் மாத்தி மாத்தித்தான் வேஷம் கட்டுறோம்" என்றாள் மருமகள் மங்கையர்க்கரசி.

மராத்தி பேசும் ஊரான கட்கியில், தமிழ்த் தெருக்களை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டி வீட்டுச் சாப்பாடும் போட, அங்குள்ள பெண்களுக்கே ஒரு சங்கம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. ஞானம்மாவும் அதில் சேர்ந்திருந்தாள். இன்று மங்கைக்கு ஒத்திகை. தேறினால் மங்கைக்கு வழிகாட்டி வேலை. வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் தன் மோர்க்குழம்பை உறிஞ்சிக் குடிப்பதாக ஒரு மாதமாகவே தர்மாம்பாளுக்குக் கனவு. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

எப்போதும் பின்வாசலில் நுழைகிற ஞானம்மா, இன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வாசலில் மணி அடித்தாள். கூடவே பயிற்சி கொடுக்கும் ஸ்ரீவித்யா.

மங்கை கோலத்தை விளக்கினாள், பூஜை மாடத்தைக் காட்டினாள், காபியை நுரை பொங்க ஆற்றினாள். ஞானம்மா எல்லாவற்றுக்கும் "வாவ்" போட்டாள். தர்மாம்பாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சமையலறையில் ஞானம்மா நின்றாள். பின் ஜன்னல் விளிம்பில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"அது மட்டும் ஏன் மேடம் தனியா இருக்கு? அது என்ன வழக்கம்?"

மங்கைக்கு முகம் சுண்டிப்போயிற்று. தினமும் ஞானம்மாவுக்கு அதில் டீ ஊற்றியது அவள் கைதான். அவமானமாக இருந்தது. ஸ்ரீவித்யா பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அது... எங்க வீட்டுல வேலை செய்யறவங்களுக்கு..."

"ஐயோ, அது என் டம்ளர்!" வெள்ளைக்காரர்கள் கைநழுவிப் போவதைக் கண்டு தர்மாம்பாள் பாய்ந்தாள். "அதுல குடிச்சாத்தான் எனக்குத் தாகமே அடங்கும்!"

"அப்படியா மாதாஜி? குடிங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள் ஞானம்மா.

வேறு வழியில்லை. தர்மாம்பாள் தண்ணீர் மொண்டு, கண்ணை இறுக மூடிக் குடித்தாள். கூரை இடிந்து விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஞானம்மா சம்மணம் போட்டு இலைமுன் உட்கார்ந்திருந்தாள். மோர்க்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ஸ்ரீவித்யா, மங்கை தேறிவிட்டதாகச் சொல்லிக் கை கொடுத்தாள்.

மறுநாள் காலை ஞானம்மா வேலைக்கு வந்தாள், முன்வாசல் வழியாகவே. மங்கை வீட்டு டபராவில் டீ ஆற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"ஏண்டி, அவ டம்ளர் எங்க போச்சு?" என்று சீறினாள் தர்மாம்பாள்.

"அவளுக்கு ஏது அத்தை தனி டம்ளர்?"

மங்கை சிரித்துக்கொண்டே அலுமினிய டம்ளரை நீட்டினாள். "இந்தாங்க, உங்க டீ."