மெலிஸ் சொல்லாத அபிப்பிராயம்

அட்பாஷி ஊரிலிருந்து வந்த கூட்டம் தெருமுனையில் இறங்கியதும் உலான் கைத்தடியை ஊன்றிக் குனிந்து மறுபடி கத்தத் தொடங்கினான்.

"ஐயோ, என் அப்பாவே! என் மலையே!"

தொண்டை நேற்றே போய்விட்டது. இப்போது வெறும் காற்றுதான் வந்தது. சாவுக்காகப் போட்ட கம்பளிக் கூடாரத்தின் வாசலில் அவனோடு சேர்த்து ஏழு ஆண்கள், இடுப்பில் துணி கட்டி, தடியின் மேல் நெற்றியைச் சாய்த்து நின்றார்கள். வருகிறவர்களும் தெருவிலிருந்தே அழுதுகொண்டு வருவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், பிறகு குழாயை மூடியதுபோல நிறுத்திவிட்டுக் கை கழுவப் போவார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி பாடினார்கள். பின்கட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. அக்டோபர் முடியப்போகிறது, நரின் ஆற்றுக் காற்று கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காலைக் கடித்தது. மூன்று நாளாக இதே நிற்பு. துக்கத்தைவிட முதுகு வலிதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அது வேறு குற்ற உணர்வாக இருந்தது.

கட்டிப்பிடித்த பருமனான மனிதர் அவனை விடாமல் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்பாவுக்கு அத்தை மகன் முறை.

"உலான்தானே நீ? ஏம்ப்பா, மச்சானுக்கு நோய்ப் பசுவ விக்கிற படம், அது நீ எடுத்ததுதானே?"

"ஆமா மாமா."

"பசு நல்லா நடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

சாவு வீட்டில் இதெல்லாம் பேசுவார்களா என்றால், அப்பா மெலிஸின் சாவு வீட்டில் பேசுவார்கள். நேற்று வந்த கசாப்புக்காரர், படத்தில் வரும் மாதிரி ஒரு மாட்டு நோயே உலகத்தில் கிடையாது என்றார். பள்ளிக்கூட வாத்தியார் முடிவு அவசரப்பட்டுவிட்டது என்றார். பெரியம்மா ஒருத்தி ஒப்பாரிக்கு நடுவே வெளியே வந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எந்த வீட்டு மருமகடா கிண்ணம் ததும்ப டீ ஊத்துவா? விருந்தாளிய எழுந்து போடான்னு சொல்ற மாதிரி? அத பாத்ததுமே எனக்குப் படம் விட்டுப்போச்சு." உலான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஊரே தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒருவருடைய அபிப்பிராயம்தான். அந்த ஆள் உள்ளே, திரைக்குப் பின்னால், வெள்ளைத் துணியின் கீழ் கிடந்தார்.

மெலிஸ் இருபத்திரண்டு வருடம் நரினுக்கும் அட்பாஷிக்கும் நடுவே வேன் ஓட்டினார். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும், நிரம்பும் வரை ஸ்டீயரிங் மேல் புத்தகத்தை விரித்துப் படிப்பார். பயணிகள் மறந்துவிட்டுப் போன புத்தகங்கள்தான் எல்லாம். முதல் பத்து பக்கம் கிழிந்திருந்தாலும் விடமாட்டார். "நானூறு பக்கம் ஓடி ஒளியிறான், ஒரு தடவகூட குளிக்கல. ஆனா அவளுக்கு அவன் மேல மலர் வாசம் வருதாம்" என்பார். வண்டி சிரிக்கும். தொலைக்காட்சியில் ஒரு போர்ப் படம் பார்த்தால், முதல் காட்சியில் கறுப்பாக இருந்த குதிரை கடைசியில் பழுப்பாக வந்ததை மலைப்பாதை ஏறும் வரை சொல்லுவார். எதிர்வாதம் செய்கிறவர்களும் உண்டு. பல் டாக்டரம்மா ஒருத்தி அவரோடு ஒரு காதல் கதைக்காகச் சண்டை போட்டு, பாதி வழியில் இறங்கி, அடுத்த வண்டியில் போயிருக்கிறாள்.

அந்த வேனில் ஒரு விதி இருந்தது. எதைப் பற்றியும் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லக் கூடாது. "என்ன நல்லா இருந்துச்சு? ஒண்ணு சொல்லு" என்று கேட்பார். பதில் வராவிட்டால், அல்லது முழுதும் பார்க்காமல் பேசினால், அந்த ஆள் எழுந்து பின்சீட்டுக்குப் போகவேண்டும். பின்சீட்டில் தலை கூரையில் இடிக்கும். ஒருமுறை மாவட்ட அதிகாரியே அங்கே உட்கார்ந்து போனாராம்.

மூன்று வருடத்துக்கு முன் உலானின் படம் நரின் கொட்டகைக்கு வந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அவன் தானே படப்பெட்டியோடு வந்திருந்தான். கொட்டகை நிரம்பி, ஆட்கள் சுவர் ஓரம் நின்றார்கள். அதைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கடைசியில் நின்றான். அப்பா முதல் வரிசையில், வெள்ளைத் தொப்பியோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் அவன் ஓடிப்போய் எதிரே நின்றான். மெலிஸ் அவன் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"வா, டீ குடிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். டீக்கடையிலும் வானிலையைப் பற்றித்தான் பேசினார். திட்டியிருந்தால் உலான் தாங்கியிருப்பான். பெயர் தெரியாத நடிகனின் குதிரைக்கு அரைமணி நேரம் செலவழிக்கிறவர், தன் மகனுக்கு ஒரு வாக்கியம்கூடச் செலவழிக்கவில்லை. அன்று மாலையே கிளம்பிப் போனவன் பிறகு ஊருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான். பின்னணியில் அப்பா தொலைக்காட்சியைத் திட்டும் குரல் கேட்கும். "குடுக்கட்டுமாடா?" என்பாள். "வேலை இருக்கும்மா" என்பான். உண்மையில் அவனுக்குப் பெரிய வேலை எதுவும் இருந்ததில்லை.

மதியத் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குளிப்பாட்டுகிறவர்கள் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் கச்சிபெக், அதே வழியில் வேன் ஓட்டியவர், உலானுக்குச் சித்தப்பா போல. ஈரக் கையைத் துடைத்தபடி வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

உலான் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். "சித்தப்பா, என் படத்தைப் பத்தி அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றார் கச்சிபெக். "ஸ்டாண்டுல எல்லாரும் கேட்டோம். வாயத் திறக்கல. ஆனா ஏறுற ஆள்கிட்ட எல்லாம் அவன் கேப்பான். மச்சான் எப்ப கண்டுபிடிக்கிறான், பசு பொழைக்குதா, கடைசியில யாரு அழறாங்கன்னு."

"பாத்தவருதானே, எதுக்குக் கேக்கணும்?"

"எங்களச் சோதிக்கிறான்னு நெனச்சோம். ஒழுங்கா பாத்தோமான்னு." கச்சிபெக் தோளைக் குலுக்கினார். "போ, உள்ள போய் ஒரு தடவ பாத்துட்டு வா. தூக்கப்போறாங்க."

கூடாரத்துக்குள் பெண்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா புருல் ஓரத்தில் இருந்தாள். மூன்று நாள் பாடிய குரல் இப்போது வெறும் கிசுகிசுப்பாகிவிட்டது. உலான் திரையை விலக்கி அப்பாவைப் பார்த்தான். துணி கட்டிய உருவம் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தலைமாட்டில், மடித்து வைத்த உடைகளின் மேல், ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் ஒரு காதுக் கம்பியில் நூல் சுற்றியிருந்தது.

"இது யாருதும்மா?"

"அவருதுதான். ரெண்டு வருஷமாச்சு. தெரியாதா உனக்கு?"

அவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரோ ஒரு கிண்ணத்தில் அரைவாசி டீ ஊற்றி அவனிடம் நீட்டினார்கள். அவன் அதை அம்மாவிடம் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை, கையைச் சூடாக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்டா" என்றாள். "இனிமே சொன்னா அவரு கோவிக்கமாட்டாரு."

"சொல்லும்மா."

"தூங்கிட்டாரு."

"என்னம்மா?"

"உன் படத்துல. தூங்கிட்டாரு."

உலானுக்கு முதலில் புரியவில்லை. அவள் கிண்ணத்தைப் பார்த்தபடி பேசினாள். "அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து அட்பாஷிக்கு மூணு நடை. உறவு, பக்கத்து வீடு, பல் டாக்டரம்மா, எல்லாத்தையும் ஏத்திட்டு வந்தாரு. கொட்டகை காலியா இருந்தா புள்ள முகம் வாடிடும்னு. முந்தின நாளும் பிஷ்கெக் போயிட்டு வந்த உடம்பு. விளக்க அணைச்சாங்க. உன் பேரு வந்துச்சு, அதுவரைக்கும் முழிச்சிருந்தாரு. என் கையக்கூட இடிச்சாரு. அப்புறம் தொப்பிய இறக்கி விட்டுட்டாரு. நிமிர்ந்தபடியே தூங்கறதுதான் டிரைவருக்குப் பழக்கமாச்சே."

"நீ எழுப்பலயா?"

"எழுப்பியிருக்கணும்." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அந்த மூஞ்சியப் பாத்தேன், மனசு வரல. ஜனங்க அப்படிச் சிரிச்சாங்க, அதுக்கும் முழிக்கல. நான் பாவி ஆயிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்லுவாரு? முழுசா பாக்காம பேசறவன பின்சீட்டுக்கு அனுப்பற ஆளு, புள்ள படத்துல தூங்கிட்டேன்னா? பொய்யா ஒண்ணு சொல்லிடுங்கன்னேன். நாலு பேரு சொன்னத சேத்துச் சொல்லுங்கன்னேன். கேட்டுக் கேட்டு வெச்சிருந்தாருதான். ஆனா சொல்ல வாய் வரல அந்த மனுஷனுக்கு. மறுவாரம் கொட்டகைக்குப் போனாரு. வேற படம் ஓடுது. உன் படம் போன்லயும் வரல."

"என்கிட்ட கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனேம்மா."

"கேட்டா தெரிஞ்சிடுமே." அவள் முதன்முறையாக அவனைப் பார்த்தாள். "நேர்ல வந்தான்னா சொல்லிடறேன்னாரு. ஒவ்வொரு பண்டிகைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாரு. நீதான் வரல."

வெளியே ஆண்கள் தூக்க வந்துவிட்டார்கள். பெண்களின் ஒப்பாரி ஒரே சமயத்தில் உயர்ந்தது. அம்மாவுக்குக் குரல் இல்லை, வாய் மட்டும் அசைந்தது. உலானுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, ஆனால் நேரம் இருக்கவில்லை. அவன் அப்பாவின் தோள் பக்கம் போய்க் கை கொடுத்தான்.

பெண்கள் வீட்டோடு நின்றுவிட, தெருவுக்கு அப்பால் இருந்த திடலில் ஆண்கள் வரிசை கட்டினார்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் அந்த வேனில் பயணம் செய்தவர்கள். தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். எல்லாச் சாவிலும் கேட்கிற கேள்விதான்.

"மக்களே, இந்த மெலிஸ் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்!" என்றது கூட்டம்.

இரண்டாம் முறை கேட்டார். "நல்ல மனுஷன்!"

அப்பா கேட்டுக்கொண்டிருந்தால் இத்தனை பேரையும் பின்சீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்று உலானுக்குத் தோன்றியது. என்ன நல்லது, ஒண்ணு சொல்லு. அவர்களிடம் பதில் இருக்கும். நெஞ்சு வலி வந்த வசந்தத்தில்கூட வேன் நிற்கவில்லை என்று ஒருவன் நேற்று சொன்னான். முன்பல் விழுந்த பிறகு இன்னும் நன்றாகத் திட்டினார் என்று டாக்டரம்மா சொன்னாள். அவன் எல்லாவற்றையும் வந்தவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். மூன்றாம் முறை இமாம் கேட்டபோது அவன் பக்கம் இருந்தவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். உலான் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது உண்மைதான், ஆனால் அது காரணமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மேட்டு மயானத்தில் மண் பாதி உறைந்து கட்டி கட்டியாக இருந்தது. குழிக்குள் இறக்கியதும் ஆளாளுக்கு மண் தள்ளினார்கள். கச்சிபெக் பத்து வெட்டு தள்ளிவிட்டு மூச்சு வாங்க நின்றார். உலானின் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏண்டா, ஊரே சொல்லுச்சு. நீ மட்டும் வாயத் திறக்கலயே?"

"நான் முழுசா பாக்கல, சித்தப்பா."

கச்சிபெக் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். மயானத்தில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். அவர் அதை உலானின் காலடியில் மண்ணில் வைத்துவிட்டு விலகினார். உலான் குனிந்து எடுத்தான். பிடியில் இன்னும் அவர் கைச் சூடு இருந்தது.