ஏழாம் மேசை

அந்தக் கல்லூரியின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அவர் பதினாலு வருஷமாக அட்டெண்டர். குடுவைகளைக் கழுவுவது, மண்புழுவையும் தவளையையும் ஃபார்மலின் பாட்டில்களில் அடைத்து வைப்பது, நுண்ணோக்கிகளைத் துடைத்து வரிசைப்படுத்துவது எல்லாம் அவர் தலையில்தான். எந்த மாணவன் ஸ்லைடு தட்டைத் தூக்கினாலும் "கண்ணாடி, கண்ணாடி, பாத்து!" என்று பதறுவார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் கண்ணாடி அண்ணன்.

ஒரு காலத்தில் அவரும் அதே கூடத்தில் அதே பட்டப்படிப்புக்கு உட்கார்ந்தவர்தான். மரபியல் தாளில் மூன்று தடவை மண்ணைக் கவ்வினார். நான்காவது தடவை எழுதவே போகவில்லை. கொஞ்ச நாளில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, விட்டுப்போன படிப்பைப் படிக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டபோது, விண்ணப்பத்தை வாங்கி வந்தவர் அவர்தான். "நீ சேரு. நான் இருக்கேன்ல?" என்று மார்தட்டினார். சிக்கல் முதல் நாளே வந்தது. வகுப்பே "அண்ணா" என்று கூப்பிடும் ஆளை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? "இங்க பாருங்க, ஒரு பீக்கர் வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்து, சிரித்து, மறந்தும் போனார்கள்.

முதல் வருஷம் பெருமையாகத்தான் போனது. இரண்டாம் வருஷத்தில் மரபியல் வந்தது. முதல் தேர்வில் அவள் ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கி, விடைத்தாளை மடிக்காமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் கேள்வி ஈசியாத்தான் கேக்கறாங்க" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு மதிப்பெண்ணை அவரிடம் காட்டவில்லை. நெட்டையனிடம் சொன்னாள்.

நெட்டையன் அவளுடைய ஆய்வுக்கூட ஜோடி. இருபது வயசு, கதவில் குனிந்து நுழைகிற உயரம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நுண்ணோக்கி. அவள் பார்த்துவிட்டு நகர்வாள், அவன் பார்ப்பான், இருவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டிருக்கும் அவருக்குக் காதில் புகை வரும். அவளைவிடப் பதினோரு வருஷம் சின்னவன், அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறான் என்பதெல்லாம் புத்திக்குத் தெரிந்தது. வயிறு கேட்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டார். "அப்படி என்ன சிரிப்பு, ரெண்டு பேருக்கும்?"

"ஒரு ஈக்குக் கண்ணு இருக்க வேண்டிய எடத்துல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "விடுங்க. வெளக்கிச் சொன்னா சிரிப்பு வராது."

அந்த ஒரு சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. இரண்டு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தார்.

செய்முறைத் தேர்வு வந்தது. இருபது மேசை, மேசைக்கு ஒரு பொருள், இருபது மாணவர்கள். அவரவர் எண்ணுள்ள மேசையில் தொடங்கி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அதனால் ஒரு மேசைக்கு எண்கள் இறங்குவரிசையில்தான் வரும். ஏழாம் மேசை நுண்ணோக்கியில் வெங்காய வேர் நுனி. கண்ணாடிக்குள் தெரியும் ஊசி எந்தச் செல்லைக் காட்டுகிறதோ, அது பிரிந்துகொண்டிருக்கும் நிலையை எழுத வேண்டும். காலையில் துறைத்தலைவரே உட்கார்ந்து அந்தச் செல்லைத் தேடி வைத்தார். மாணவர்கள் எதையும் தொடக்கூடாது. தொட அனுமதி உள்ளவர் அட்டெண்டர் ஒருவர்தான்.

நெட்டையன் பதினைந்தாம் எண். அவள் பதினாலு. பதினாறாம் எண்காரி ஏழாம் மேசையை விட்டு எழுந்தாள். மணி அடித்தது. அவர் துணியோடு போய் லென்ஸைத் துடைப்பதுபோலக் குனிந்து, ஸ்லைடை நகர்த்தும் திருகை அரைச் சுற்று திருப்பினார். யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது. நெட்டையன் வந்து உட்கார்ந்தான், கண்ணை வைத்தான், நெற்றியைச் சுருக்கினான், ஏதோ எழுதினான். அவருக்கு உள்ளுக்குள் பால் வார்த்ததுபோல இருந்தது.

அடுத்த மணியில் திருகைப் பழையபடி திருப்பிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் மணி அடித்த அதே நேரத்தில் மூன்றாம் மேசை விளக்கு அணைந்தது. "அண்ணா, லைட்டு!" என்று அங்கிருந்த பெண் கத்தினாள். ஓடிப்போய் பல்பை மாற்றிவிட்டுத் திரும்பினால், ஏழாம் மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அடுத்து வருவது அவள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவள் கையைத் தூக்கினாள். "சார், ஊசி ரெண்டு செல்லுக்கு நடுவுல நிக்குது. எதை எழுதறது?"

துறைத்தலைவர் வந்து பார்த்தார். பதினாறாம் எண்காரியின் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அட்டெண்டரைப் பார்த்தார். "இவங்க வரைக்கும் சரியா இருந்திருக்கு. நடுவுல யாரு தொட்டது?"

"தொடைக்கும்போது கை பட்டிருக்கும் சார்."

"பதினாலு வருஷமா படாத கை இன்னைக்குப் பட்டுச்சா? சரி, பழையபடி வைங்க."

அவர் குனிந்தார். மனைவியின் தோளுக்கு மேலாகக் கண்ணை வைத்தார். திருப்பியது வலப்பக்கமா இடப்பக்கமா? பதற்றத்தில் மறந்துவிட்டது. செல்கள் சாரைசாரையாக ஓடின. எது எந்த நிலை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆயிரம் தடவை துடைத்து வைத்த ஸ்லைடு அது. வியர்வை மேசையில் சொட்டியது. பக்கத்திலிருந்த அவளுக்கு எந்தச் செல் என்று தெரிந்திருக்கும். ஆனால் வாய் திறக்கக்கூடாது.

"தள்ளுங்க" என்றார் துறைத்தலைவர். நாலு விநாடியில் செல்லைப் பிடித்துவிட்டார். "பதினஞ்சாம் நம்பர், நீங்களும் கடைசில வந்து மறுபடி பாத்து எழுதிருங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் பையைக்கூட இறக்கவில்லை. "அது எனக்கு வச்சதா, அவனுக்கா?"

"அவனுக்கு."

"அவன் என்ன பண்ணான் உங்களை?"

அவர் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நாளைக்கு அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

மறுநாள் படிக்கட்டில் நெட்டையனை நிறுத்திச் சொன்னார். திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அவன், "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டான். படியேறிப் போய்விட்டான். அப்புறம் ஆய்வுக்கூடத்தில் தேவையானதை அவனே எடுத்துக்கொள்வான், அவரிடம் கேட்க மாட்டான். துறைத்தலைவரிடம் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கூசியது.

அடுத்த பருவத்தில் ஜோடிகள் மாறின. அவளுக்கு இப்போது ஒரு பெண், எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பவள். இனி நிம்மதி என்று நினைத்தார். மூன்றாம் நாள் இரண்டு பெண்களும் ஒரு நுண்ணோக்கியின் மேல் தலையை முட்டிக்கொண்டு, ஏதோ சொல்லி, மூச்சுமுட்டச் சிரித்தார்கள். அவர் கையில் குடுவையோடு நின்றார். வயிறு அதே இடத்தில், அதே மாதிரி எரிந்தது.

அன்றைக்கு அவள் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். "அவன் மேல இல்ல. ஒன் மேலதான் எனக்கு."

"தெரியும்" என்றாள் அவள், திரும்பாமல்.

"எப்பலேருந்து?"

"நாப்பத்தாறு மார்க்லேருந்து."

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவள் டம்ளரை நீட்டினாள். "அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதறீங்களா?"

"அதெல்லாம் வேணாம். இந்த வயசுல இன்னொரு தடவை தோக்க முடியாது." சூடான டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தார். "நீ படிக்கறப்ப கொஞ்சம் சத்தமாப் படி. அது போதும்."

அவள் சத்தமாகப் படித்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டார். பாதியில் குறுக்கே பேசி, தப்பாக ஏதாவது சொல்லி, அவள் திருத்தினால் கடுகடுத்து எழுந்து போவார். அடுத்த நாள் அவள் புத்தகத்தைப் பிரித்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை.