சொல்லாமல் விட்ட ஏழு நாள்

தையற்காரி தன் நான்கு வயது மகளைக் ‘குண்டூசி’ என்றே அழைப்பாள், அவ்வளவு ஒல்லி. அந்தக் குண்டூசியின் கவுன் இடுப்பில் மட்டும் இறுகியபோது, பிள்ளைக்குச் சதை பிடிக்கிறதென்று மகிழ்ந்து பக்கத் தையலைப் பிரித்துவிட்டாள். குளிப்பாட்டும்போதுதான் இடது விலாவின் கீழே கட்டி தட்டுப்பட்டது. வாயுவாக இருக்கும், கரைந்துவிடும் என்று ஏழு நாள், காலையும் மாலையும், அழுத்தி அழுத்தி நீவினாள். கரையவில்லை.

கணவன் சரக்குக் கப்பலில் சமையற்காரன். கப்பல் கரை தொட்டால்தான் அவன் குரல் கேட்கும். மருத்துவமனைக்கு அவள் தனியாகவே வந்து சேர்ந்தாள். “வயித்தை யாராச்சும் அழுத்துனீங்களா?” என்று டாக்டர் கேட்டபோது, திட்டுவாரோ என்று அஞ்சி இல்லையெனத் தலையாட்டினாள்.

வார்டில், கட்டிலைச் சூழ்ந்த பயிற்சி மருத்துவர்களை நர்ஸ் விரட்டினாள்.

“ஒருத்தர் தொட்டுப் பார்த்தாச்சுல்ல? இதென்ன கண்காட்சியா? கெளம்புங்க!”

தலைமாட்டில் ‘வயிற்றை அழுத்தக் கூடாது’ என்னும் அட்டையை மாட்டிவிட்டு, “ஏண்டி குண்டூசி, உனக்கு ஏதுடி தொப்பை?” என்றாள். குழந்தை சிரித்தது.

“ஏன் அழுத்தக் கூடாது?” என்றாள் தையற்காரி.

“கட்டியைச் சுத்தி மெல்லிசா உறை இருக்கும்மா. அழுத்துனா கிழிஞ்சுடலாம். கிழிஞ்சா வயிறு பூரா பரவிடும்.”

தையற்காரி தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்கேன் முடிந்தது. நடைக்கூடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் தோள்கொடுக்க ஆளிருந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. சொன்னால் என்ன நினைப்பார்கள்? சொல்லாவிட்டால் குழந்தை என்ன ஆவாள்? இரண்டாவது கேள்விதான் அவளை எழுப்பி நடத்திற்று.

“டாக்டர், அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். ஏழு நாள் நான்தான் நீவினேன்.”

படத்திலிருந்து நிமிர்ந்த டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

“சொன்னது நல்லதாப் போச்சும்மா. ரெண்டு வகைல ஒண்ணா இருக்கும்னு நினைச்சோம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில வந்தது இல்லை. சிறுநீரகத்துலயே வந்த கட்டி மாதிரிதான் தெரியுது. இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. உறை கிழிஞ்ச மாதிரி படத்துல இல்லை. ஆபரேஷன்லதான் உறுதியாத் தெரியும். கிழிஞ்சிருந்தா வைத்தியத்தைக் கூட்டணும். அதுக்குத்தான் கேட்டேன்.”

“என்னாலதான் வந்துச்சா?”

“கட்டி உங்களால வரலைம்மா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“கப்பல் கரைக்கு வர இன்னும் அஞ்சு நாளாகும்.”

வார்டுக்குத் திரும்பினாள். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. போர்வையைச் சரிசெய்ய நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கட்டிலோரம் அமர்ந்து, இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, கணவனிடம் எந்தச் சொல்லில் தொடங்குவதென்று உதட்டளவில் ஒத்திகை பார்க்கலானாள்.