சாட்சியில் ஒரு வரி

"நீ தமிழ்ல எழுதி வாசி எலைன். நான் இங்கிலீஷ் எழுத்துல போன்ல அடிச்சிக்கிறேன்" என்றாள் லவினா, எங்கள் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்தபடி. பெரியப்பா மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அபுதாபி வேலைக்குப் போகுமுன் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோரமண்டல் சபையில், கர்த்தர் தன்னை நடத்திய விதத்தை அவள் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் கன்னடம் எடுத்தவள், தமிழ் எழுத்து வராது.

அவள் சொன்னாள், நான் எழுதினேன். பெங்களூரில் கெமிக்கல் இன்ஜினியரிங். பிறகு கடலோரத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஹெல்மெட், பூட்ஸ், நைட் ஷிஃப்டு. என் அப்பா தங்கச் சுரங்க வேலைக்குப் போகும்போது சொன்ன அதே 'ஷிஃப்டு' என்ற சொல்லை அவள் சர்வசாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் டிசைன் ஆபீஸ். இப்போது அபுதாபியில் எரிவாயு. அவள் குதிகால்கூட வெடிக்காமல் வழவழவென்று இருந்தது. என் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஆலையில இன்னாதாண்டி பண்ண?"

"கச்சா எண்ணெய சூடு பண்ணி டவர்ல பிரிப்பாங்க. அத்தப் பாத்துக்கினு இருந்தேன். உனக்குப் புரியாது, உடு."

பேனா நின்றுவிட்டது.

பி.யு.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பில், லவினா காய்ச்சி வடித்தல் புரியவில்லை என்று இதே வீட்டில் அழுதாள். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கி, உள்பக்கம் உருண்ட துளிகளைக் காட்டினேன். ஆவி மேலே போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது, அவ்வளவுதான் என்றேன். அந்த வருஷம்தான் அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் படிப்பை நிறுத்தினேன். அவள் தொடர்ந்து படித்தாள்.

அவள் சொல்லாத ஒரு வரியை எழுதி, நிமிராமல் வாசித்தேன். "காய்ச்சி வடித்தலைச் சோற்றுப் பானை மூடியில் எனக்குக் காட்டித் தந்தவள் என் தங்கை எலைன்."

போனில் அடித்துக்கொண்டிருந்த லவினாவின் கட்டைவிரல் நின்றது. "இத்த நான் சொல்லலையே." அடுப்படியில் அம்மா கரண்டியை நிறுத்தினாள். என் காது சுட்டது. லவினா சிரித்தாள். "பரவால்ல, க்யூட்டா கீது. இருக்கட்டும்."

ஞாயிறன்று காற்று அதிகம். பழைய சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு சபைக்குள் வந்தது. சன்னல்களைச் சாத்தினார்கள். லவினா பட்டுப்புடவையில் முன்னால் நின்று போனைப் பார்த்து வாசித்தாள். எல்லாம் என் வாக்கியங்கள். அவள் வாசிப்பதற்கு ஒரு வார்த்தை முன்னால் என் உதடு ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா அழுதார். பி.யு.சி. பற்றிய பகுதி வந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

லவினா ஒருமுறை தலையைத் தூக்கி, நிரம்பியிருந்த பெஞ்சுகளைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் போன் திரையை நீளமாக மேலே தள்ளியது.

"பெங்களூர் காலேஜ்ல கர்த்தர் எனக்கு சீட்டு குடுத்தாரு."

"ஆமென்" என்றது சபை. அம்மாவும் சொன்னாள், கையை விடாமல்.

என் உதடு மட்டும் அந்தப் பானை மூடியிலேயே நின்றிருந்தது. வாயை மூடினேன். தூசு பல்லில் நறநறத்தது.