பட்டியலில் ஏழாவது பெயர்

என் கடைக்கு வந்து, "ஒரு மனு எழுதணும்" என்று நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாரு மேல கோவம்?" என்பதுதான். அது தெரிந்துவிட்டால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். பன்னிரண்டு வருஷமாகப் பெரம்பலூரில் ஜெராக்ஸும் இ-சேவையும் நடத்துகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளென்றால் காலை எட்டு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். பிரவீணா எழுதினால் மனு நிற்கும் என்று குரும்பலூரிலிருந்து பாடாலூர் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே தலைக்கனம் ஏறியவள் நான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக் காட்ட வேண்டாம்.

மனுவில் கையெழுத்து கூடினால்தான் மதிப்பு. ஆனால் ஆட்களுக்கு எங்கே போவது? ஒருத்தர் களை எடுக்கப் போயிருப்பார், ஒருத்தர் திருப்பூருக்குப் போயிருப்பார். "நீயே போட்டுடு பாப்பா" என்று போனில் சொல்லிவிடுவார்கள். போட்டுவிடுவேன். குரும்பலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கையெழுத்து என் கைக்கு அத்துப்படி. இதெல்லாம் தப்பென்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

என் தங்கை மஞ்சுவுக்கு இப்போது முப்பது வயது. போலீஸ் வேலைக்கு நாலு தடவை எழுதினாள். இரண்டு தடவை எழுத்துத் தேர்விலேயே போயிற்று, ஒரு தடவை ஓட்டத்தில் கால் பிசகிப் போயிற்று. இந்தத் தடவை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். வயது வரம்பைப் பார்த்தால் இனி அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். பேரில் கேஸ் எதுவும் இல்லையென்று ஸ்டேஷனிலிருந்து எழுதி அனுப்பினால் பயிற்சிக்குப் போகவேண்டியதுதான். எங்கள் அம்மா வேம்பு, வெங்காயக் காட்டில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோனவள், ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். "எம் மவ ஸ்டேஷன்ல நிப்பா. நாம இனிமே வெளிய நின்னு கும்பிட வேணாம்டி" என்பாள்.

இப்போது அந்த நாசமாய்ப்போன மன்றத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ராசாங்கம் அண்ணன் கடைக்கு வந்தார். குரும்பலூரில் 'வெண்ணிலா மனமகிழ் மன்றம்' என்று ஒன்று ஆரம்பிக்கிறாராம், சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமாம்.

"கேரம் போர்டு, பேப்பரு, பின்னாடி பொழுதுபோக்கா நாலு மேசை சீட்டு. முன் ரூமு பூரா படிக்கிற பொண்ணுங்களுக்கு. ஒன் தங்கச்சியும் வந்து படிக்கட்டுமே" என்றார்.

படிக்கிற இடம் என்றதும் நான் உருகிவிட்டேன். நிர்வாகிகள் ஏழு பேர் வேண்டும், ஆறு பேர்தான் தேறியிருந்தார்கள். ஏழாவதாக ஒரு பெண் பெயர் இருந்தால் பார்க்க மரியாதையாக இருக்கும் என்றார். மஞ்சு அப்போது திருச்சியில் பயிற்சி வகுப்பில் இருந்தாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. பதிவு ஆபீஸ் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. ஏழாவது இடத்தில் மஞ்சு என்று டைப் அடித்து, பக்கத்தில் அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். அவளிடம் சொல்ல நினைத்தேன். மறந்தும் போனேன். வாரத்துக்கு நூறு படிவம் நிரப்புகிறவளுக்கு எது நினைவிருக்கும்?

முதல் இரண்டு வருஷம் மஞ்சு அங்கே போய்ப் படித்தாள். அதற்குள் நாலு மேசை ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று. பின்னால் தகரக் கொட்டகை போட்டார்கள். அரியலூரிலிருந்து காரில் வந்து ஆடினார்கள். மக்காச்சோளம் விற்ற பணத்தோடு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனார்கள். போலீஸ் எட்டிப்பார்த்தால், ஆடுகிறவன் பெயரை அந்த நிமிஷமே பழைய தேதியில் எழுதி "இவரு எங்க உறுப்பினரு சார்" என்று நீட்டுவார் ராசாங்கம். கடைசியில் முன் அறையையும் காலி செய்துவிட்டு அங்கேயும் மேசை போட்டார்கள். புத்தக பீரோவைத் தூக்கி வெளியே குழாயடியில் வைத்தார்கள். மழையில் புத்தகமெல்லாம் ஊறி இட்லியாக உப்பியிருந்தது.

அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கடைக்கு வந்து ஒரே மூச்சில் மூன்று பக்கம் மனு அடித்தேன். மூடச் சொன்னால் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மூடச் சொல்லவில்லை, வளரவிடாதீர்கள் என்று எழுதினேன். நாலு மேசைக்கு மேல் கூடாது. கொட்டகை கூடாது. உறுப்பினர் அல்லாதவர் ஆடக்கூடாது. கடைசியாக ஒரு வரி வைத்தேன் பாருங்கள்: 'மேற்படி மன்றம் பதிவின்போது அளித்த நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள் பட்டியலில் சேர்த்தல், நீக்கல் உள்ளிட்ட எவ்வித மாற்றத்தையும் அனுமதிக்கக் கூடாது.' பழைய தேதி வித்தைக்கு இதுதான் பூட்டு என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். நாற்பத்தொரு கையெழுத்து. அதில் பத்தொன்பது என்னுடையது.

மூன்று மாதத்தில் கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. படித்துப் பார்த்தால், கடைசி வரி ஓர் எழுத்து மாறாமல் என்னுடைய வரி! அதை லேமினேட் செய்து கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அடுத்த மாதம் ரெய்டு நடந்தது. நாலு மேசைக்குப் பதில் ஒன்பது மேசை இருந்ததால், நிர்வாகிகள் மேல் கேஸ் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கு என் கடையில் எல்லாருக்கும் டீயும் மசால் வடையும்.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து மஞ்சுவைக் கூப்பிட்டார்கள். விசாரணை முடிந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன். எஸ்.ஐ. முத்தமிழ் மேடம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்கதான் வெண்ணிலா மன்றத்துல நிர்வாகியா?"

"நானா? இல்லைங்க மேடம்" என்றாள் மஞ்சு.

"ஏழாவது பேரு உங்க பேருதான். அட்ரஸ், ஆதார் நம்பர் எல்லாம் ஒத்துப்போகுது. சூதாட்டக் கேஸ்ல ஏழாவது எதிரி நீங்க. கேஸ் இருக்கிறப்ப நான் எப்படிங்க நல்லபடியா எழுதி அனுப்ப முடியும்?"

மஞ்சு, "அந்த ராசாங்கம் எம் பேரைத் திருடிட்டான் மேடம்" என்று கத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வரை டைம் தருவதாக மேடம் சொன்னார்.

நேரே மன்றத்துக்குப் போனேன். உள்ளே சரியாக நாலு மேசை. சுற்றிலும் தரையில் ஜமுக்காளம் விரித்து ஏழெட்டு வட்டமாக உட்கார்ந்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது?"

"உத்தரவு மேசையத்தானம்மா சொல்லுது. ஜமுக்காளத்தச் சொல்லலையே" என்றார் ராசாங்கம், கையில் இருந்த சீட்டைப் பார்த்தபடியே.

"மஞ்சு பேரை எடுத்துடுங்க. அவ எப்பவோ விலகிட்டான்னு ஒரு லெட்டர் குடுங்க."

"நான் குடுப்பேன் தங்கச்சி. எனக்கென்ன வந்துச்சு? ஆனா பட்டியல்ல கையே வைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே. ஒன் கடையிலயே மாட்டி வச்சிருக்கியாமே, படிச்சுப் பாரு."

பக்கத்தில் இருந்தவன் ஒருத்தன் சிரித்தான். அவனை அறையலாம் போலிருந்தது. அவனை அறைந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு நாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் அதே வரியைத்தான் காட்டினார்கள். ஒரு கிளார்க், "ரொம்ப டைட்டா எழுதியிருக்காங்கம்மா, சந்தே விடல" என்றார். எழுதியவள் எதிரில் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேஸ் நடக்கட்டும், கோர்ட்டில் நிரூபித்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருத்தர். கேஸ் முடியும்போது மஞ்சுவுக்கு முப்பத்தைந்து ஆகியிருக்கும். அத்தனை பேர் ஆடினார்களே, அவர்களில் ஒருத்தன் வீட்டிலாவது அடுப்பு அணைந்ததா? நாலு மேசையும் ஜமுக்காளமுமாக அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். என் தங்கை ஒருத்திதான் மாட்டினாள், அதுவும் நான் எழுதிய வரியில்!

வியாழக்கிழமை மத்தியானம் மஞ்சு கடைக்கு வந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு மனு எழுதிக் குடு. எங் கையெழுத்த ராசாங்கம் போட்டுட்டான்னு எழுது. நீ எழுதுனா நிக்கும்."

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அவளிடம் கேட்கவில்லை. கீபோர்டில் கையை வைத்தேன். 'பெறுநர்' என்று அடித்தேன். அப்படியே எழுதிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க விரும்பவில்லை. ராசாங்கம் செய்யாத அநியாயமா? இதையும் சேர்த்து அவர் தலையில் போட்டால் என்ன? ஆனால் கையெழுத்தை ஒத்துப் பார்த்தால் அது அவருடையது இல்லை என்று தெரிந்துவிடும். பொய் மனு கொடுத்தவள் என்று மஞ்சு மேல் அடுத்த கேஸ் வரும். சீ, அதற்கும் நானே காரணமா?

"அவரு போடலடி. நான்தான் போட்டேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த உத்தரவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் எழுதியதுதான் என் வாழ்நாளிலேயே சின்ன மனு. எட்டே வரி. மன்றத்தின் பதிவுப் படிவத்தில் என் தங்கையின் பெயரை அவளுக்குத் தெரியாமல் சேர்த்ததும், கையெழுத்துப் போட்டதும் நான்தான், என் மேல் நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம். கீழே ஒரே ஒரு கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலையில் முத்தமிழ் மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

"இது மேல போச்சுன்னா உங்க இ-சேவை ஐடியும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம்."

அவர் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். மஞ்சுவின் கையெழுத்தை ஐந்து தடவை போடச் சொன்னார். நான் போட்டேன். ஐந்தும் ஒரே அச்சாக வந்தது. பக்கத்தில் மஞ்சு போட்டாள். அவளுடையது ஒன்று மாதிரி ஒன்று இல்லை. மேடம் பதிவுப் படிவத்தின் நகலை எடுத்து இரண்டு தாளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

"படிவத்துல இருக்கிறது உங்களோடதுதான்" என்றார் என்னிடம். "இதை வச்சு மேல எழுதுறேன். அவங்க பேரை விடுவிக்கிறதும் விடாததும் மேல இருக்கிறவங்க முடிவு. உங்க மேல தனிக் கேஸ் வரும்."

"தங்கச்சிக்கு வேலை கிடைச்சிடுமாங்க மேடம்?"

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்கும்போது மஞ்சு முந்தின நாள் மத்தியானத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அக்கா, எம் பேர்ல வேற எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டிருக்கியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது.