திருவோணம் ஆறரை வரை

"ஆறரைக்குள்ளே போயிட்டான்னு வச்சுப்போம்" என்றார் நீலகண்டன். ஆடிட் ஆபீசில் காலமெல்லாம் பிறத்தியார் கணக்கைத் திருத்திய குரல் அது. தம்பி செத்த நேரத்தையும் அதே குரலில்தான் திருத்தினார்.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். "திருவோணம் ஆறரை வரை. அதுக்குள்ள பிராணன் போயிருந்தா பேஷ். பெருமாள் நக்ஷத்ரம், ஒரு தோஷமும் கிடையாது. தாண்டித்துன்னா அவிட்டம். அவிட்டம்னா அடைப்பு. பிராணன் போன ரூமை ஆறு மாசம் பூட்டிப் போடணும். சாயங்காலம் வெளக்கேத்த மட்டும் தொறக்கலாம்."

"ஆறு மாசமா?" என்றான் சுமந்த். "சீசன் இப்பத்தான் தொடங்கறது பெரியப்பா. ஏ.சி. உள்ளது அந்த ஒரு ரூம்லயாக்கும்."

"அதுக்குத்தானேடா சொல்றேன். ஆறரைக்குள்ளே."

சுப்புலக்ஷ்மி தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். புருஷன் பட்டாபியைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. 'வெல்கம்' என்று ஆரம்பிக்கப் போகிறவர் மாதிரி.

குடிநீர் ஆபீசிலிருந்து ரிடையரான கையோடு அவர் வாசலில் மாட்டிய போர்டு, 'ட்ராவன்கூர் தர்பார் ஹாலிடே ஹோம்'. வலியசாலை அக்ரஹாரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டுச் சுவரோடு நிற்கிற அந்த வீட்டில், தர்பாருக்கு மச்சில் இரண்டே அறை. முன் அறை விருந்தாளிகளுக்கு. பின் அறை மகாராஜாவுக்கும் மகாராணிக்கும். மகாராணி விடிவதற்கு முன் எழுந்து விருந்தாளிகளின் வெஸ்டர்ன் டாய்லெட்டைத் தேய்ப்பாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கினவுடன் யாருக்கும் சாவி கிடைத்துவிடாது. ஜரிகைக் கரை போட்ட கசவு நேரியல் போர்த்திக்கொண்டு பட்டாபி முன்னே வருவார். தன் கொள்ளுத்தாத்தா அரண்மனைப் பந்தியில் யாருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார் என்று இங்கிலீஷில் விஸ்தரிப்பார். கொள்ளுத்தாத்தா அந்தப் பந்திக்குக் கறிகாய் நறுக்கினவர். அதன் பிறகுதான் சிவப்பு வெல்வெட் திண்டின் மேல் சாவி வரும். அவள் ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் நிற்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விருந்தாளி வருவதற்கு முதல் நாள் ராத்திரி முன் அறையில் அவரே போய்ப் படுத்துவிடுவார். 'ரூம் ட்ரையல்' என்று பெயர். மெத்தை ட்ரையல், ஷவர் ட்ரையல், விடிய விடிய ஏ.சி. ட்ரையல். காலையில் மணி ட்ரையல். கட்டில் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் கீழே அடுக்களையில் மணி அடிக்கும். அவள் மாடியேறி ஓடிப்போய் நிற்க வேண்டும். "லேட்டாறது சுப்பு. கெஸ்ட் இத்தனை நாழி காத்துண்டிருப்பானா?" என்பார், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. அப்புறம் விரிப்பும் தலையணை உறையும் எல்லாம் புதிதாக மாற்ற வேண்டும்.

இன்றைக்கும் அடித்தது. அவள் வாணலியில் நேந்திரங்காய் வறுவல் போட்டிருந்தாள், வருகிறவர்களுக்குச் சாவியோடு ஒரு தட்டு கொடுப்பதற்கு. அடுத்தாத்து ரேடியோவில் ஆறே முக்கால் மலையாளச் செய்தி ஆரம்பித்திருந்தது. மணி ஒரு தடவை அடித்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. "அடியுங்கோ, கை வலிக்கிறவரை அடியுங்கோ" என்று அவள் வறுவலிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

காப்பி எடுத்துக்கொண்டு போய்த் தட்டினபோது பதில் இல்லை. இரண்டாம் சாவி போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.

டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே போயிருக்கலாம் என்றார். அந்த 'லாமை' நீலகண்டன் பிடித்துக்கொண்டார். உடம்பைக் கீழே இறக்கின கையோடு பம்பாயில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டு, "தூக்கத்துல, அதுவும் திருவோணத்துல. கொடுத்து வச்சவன். நேரா வைகுண்டம்தான்" என்று சொல்லியும் ஆகிவிட்டது.

எதிராத்து சாவித்ரி வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தெருவில் பிணம் கிடக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. "மாமி, தப்பா எடுத்துக்காதேங்கோ. எடுக்க ரொம்ப நாழியாகுமோ? குழந்தைக்கு மட்டும் ஒரு தோசை வார்த்துக் குடுத்தா..."

"நேரம் தீர்மானமாகலை" என்றார் நீலகண்டன்.

"எடுக்கற நேரமா?"

"போன நேரம்."

சாவித்ரி ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள்.

"இன்னிக்கு வரவாளை என்ன செய்யறது?" என்று சுமந்த் கேட்டான். ராஜபாளையத்திலிருந்து வன்னியபெருமாள் என்று ஒருத்தரும் அவர் மனைவியும். விடிவதற்குள் பஸ் ஏறியிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்து பார்த்தாயிற்று. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அதற்கும் சாஸ்திரிகள் வழி வைத்திருந்தார். "வந்து தங்கட்டுமே. தீட்டு நமக்குத்தான், அவாளுக்கு என்ன? சாவியைக் கையில குடுக்கப்படாது. கீழே வச்சா அவா எடுத்துக்கறா. சாஸ்திரத்துல வழி இல்லாம இருக்குமோ?"

இந்த வீட்டில் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. சுப்புலக்ஷ்மிக்கு எழுந்துபோய் எல்லோரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது.

"சரி, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டுடறேன்" என்று சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை நிமிர்த்தினார். "கர்மா பண்றச்சே நக்ஷத்ரம் தப்பினா போனவருக்கு ஒண்ணும் போய்ச் சேராது. அதனால ஆத்துக்காரி வாயால ஒரு வார்த்தை. மாமி, ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்படித்தானே?"

அவள் தலையாட்டுவதற்கு முன்பே நீலகண்டன் ஆட்டிவிட்டார். சுமந்தும் ஆட்டினான். மூன்று பேரும் அவள் தலையைப் பார்த்தார்கள்.

"மலையாளச் செய்தி வந்தப்போ இருந்தார்" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"எந்தா?" என்றான் சுமந்த்.

"மணி அடிச்சார்."

"கோவில் மணியா இருக்கும்" என்றார் நீலகண்டன்.

"அடுக்களை மணி. ரெண்டு தடவை."

"எதுக்கு அடிச்சான்?"

"தெரியாது அண்ணா. நான் போகலை."

வாசலில் மூங்கில் பிளக்கிற சத்தம் கேட்டது. பாடை கட்ட ஆரியசாலையிலிருந்து வந்தவன் நிறுத்தி நிதானமாகப் பிளந்துகொண்டிருந்தான்.

முதலில் வாயைத் திறந்தது நீலகண்டன்தான். "நன்னாயிருக்கு! ஒருத்தர் கேட்டா தலையை ஆட்டினாப் போறாதோ? அத்தனை பேரும் உனக்காகத்தானே உக்காந்து மண்டையை ஒடச்சுக்கறோம். பம்பாய்க்கு வேற சொல்லியாச்சு!"

சுமந்த் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "அம்மா, அது ஷார்ட் சர்க்யூட்டாக்கும். அந்த பெல் சில நேரம் தானா அடிக்கும். நானே கேட்டிருக்கேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அறைக்காகச் சொல்கிறானா, தனக்காகச் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தானா அடிக்கலைடா" என்றாள்.

சாஸ்திரிகள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்போ அவிட்டம்."

நீலகண்டன் மறுபடியும் பம்பாய்க்குப் போன் போட்டு வைகுண்டத்தை வாபஸ் வாங்கினார்.

உச்சிக்குப் பிறகு எடுத்தார்கள். பாடை தெருக்கோடி திரும்புவதற்குள் அக்ரஹாரம் முழுக்க ஸ்டவ்வுகள் பற்றிக்கொண்ட சத்தமும் பெருங்காய வாசனையும் எழுந்தன. கூடத்தைக் கழுவிவிட்டுக் குளித்தாள். உறவுக்காரப் பெண்கள் பின்கட்டில் முடங்கிக் கிடந்தார்கள். முன் அறையைச் சுமந்த் பூட்டிவிட்டுத்தான் தைக்காட்டு மயானத்துக்குப் போயிருந்தான். அவள் ஈரத் தலையோடு பின் அறைக்குப் போய், கொடியில் கிடந்த அவர் வேஷ்டிகளையும் தன் புடவைகளையும் மருந்து டப்பாவையும் பெட்டியில் அள்ளிப்போட்டாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். மூலைகளை உள்ளே மடித்துச் செருகினாள்.

வெயில் தாழ்ந்தபோது ஆட்டோ வந்து நின்றது. கட்டைமீசையும் பெரிய பையுமாக வன்னியபெருமாள். பின்னாலேயே அவர் மனைவி, பஸ் களைப்பில் முகம் சோர்ந்து, ஆனால் தலையில் புதுப் பூவோடு.

"சார் இல்லைங்களாம்மா? வாசல்லயே நின்னு வரவேற்பேன்னாங்க."

"காலம்பற தவறிட்டார்."

அவர் பையைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு நடக்கவும் இல்லை. "ஐயையோ. தெரியாமப் போச்சே. நாங்க லாட்ஜ் எதுவும் பாத்துக்கிறோம்மா. நீங்க இந்த நேரத்துல..."

"ரூம் ரெடியா இருக்கு" என்றாள். அவளுக்கே காரணம் தெரியாமல் குரல் உயர்ந்தது. "ஏ.சி. ரூம் மட்டும் குடுக்க முடியாது. சாப்பாடு ஓட்டல்ல பாத்துக்கோங்கோ. சாவியைக் கையில தரப்படாது. கோச்சுக்காதேங்கோ." சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வன்னியபெருமாள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோவிலில் விபூதி எடுப்பவர் மாதிரி குனிந்து எடுத்தார். ஒரு பிரசங்கமும் இல்லாமல் சாவி கைமாறியது. வீட்டு வாசல் திடீரென்று அகலமாகிவிட்டாற்போல் இருந்தது.

முன் அறைப் பூட்டைக் கடந்து பின் அறையைத் திறந்துவிட்டாள். அந்த அம்மாள் உள்ளே வந்ததும் நேராகப் போய் ஜன்னல் கதவுகளைத் தள்ளினாள். வெளியே பார்த்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"கடல் தெரியும்னு சொன்னாங்கன்னீங்களே."

"சும்மா இருடி. எந்த நேரத்துல எதைக் கேக்கறதுன்னு இல்லை?"

"நான் எங்க கேட்டேன்? ஜன்னலைத் திறந்தா அலை தெரியும், எழுந்திரிச்சதும் கட்டில்ல உக்காந்தே பாக்கலாம்னு போன்ல சார் சொன்னாங்கன்னு நீங்கதான சொல்லிக் கூட்டியாந்தீங்க?"

வன்னியபெருமாள் சங்கடத்தோடு சுப்புலக்ஷ்மியைப் பார்த்தார். "சொன்னாங்கதாம்மா. அது கிடக்கட்டும்."

ஜன்னலுக்கு வெளியே பின்வீட்டு மொட்டைமாடி, கொடியில் யாருடைய பாவாடையோ, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் தென்னந்தலைகள். கடலுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். இந்த அறையில் இத்தனை வருஷம் படுத்து எழுந்தவள் அவள். கடலாம்! அலையாம்! வந்த எரிச்சலில் சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். திட்டுவதற்கு ஆள் இல்லை.

"இப்போ வானம் மூடலா இருக்கு" என்றாள்.

"என்னம்மா?"

"காலம்பற தெரியும்."

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. "எந்தப் பக்கமா?"

சுப்புலக்ஷ்மி தொடாமல், கொஞ்சம் தள்ளி நின்று, விரலை நீட்டினாள். "அதோ, அந்த ரெண்டு தென்னைக்கும் நடுவுல. உத்துப் பாக்கணும்."

அந்த அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். சுப்புலக்ஷ்மியும் எக்கிப் பார்த்தாள்.